மருத்துவமனை பில்: கட்டும் முன் கேட்க வேண்டியவை

தனியார் மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் அன்று கவுன்ட்டரில் நீட்டப்படும் பில் பல இடங்களில் ஒரே பக்கம்தான். அறை வாடகை, மருந்தகம், பரிசோதனை, ஆபரேஷன் தியேட்டர், 'இதர செலவுகள்' என்று ஐந்தாறு தலைப்புகள், அடியில் ஒரு பெருந்தொகை. நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப்போனால் போதும் என்ற அவசரத்தில் குடும்பம் நகையை அடகு வைத்தாவது கட்டிவிடுகிறது.

அந்த ஒரு பக்கத்தை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு ஊசியும் கையுறையும் பரிசோதனையும் தேதியோடும் விலையோடும் இருக்கும் விவரமான பில்லைக் கேளுங்கள். அது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளி உரிமைச் சாசனம் சொல்கிறது.

பில் கைக்கு வந்ததும் மருந்தகப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வார்டுக்கு வாங்கிப் பயன்படாமல் திருப்பி அனுப்பிய மருந்துக்குப் பணம் கழித்திருக்கிறார்களா? மருத்துவர் எட்டிப் பார்க்காத நாளுக்கும் வருகைக் கட்டணம் ஏறியிருக்கிறதா? கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி.

சில்லறைக் கட்டணங்களையும் விடாதீர்கள். கோப்பு திறக்க, கையில் அடையாளப் பட்டை கட்ட, துப்புரவுக்கு, ஏசிக்கு, டிஸ்சார்ஜ் நடைமுறைக்கு என்று தனித்தனியாக வாங்குகிறார்கள். இவை அறை வாடகைக்குள்ளேயே அடங்க வேண்டியவை என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பட்டியலே போட்டிருக்கிறது. காப்பீடு இல்லாதவர் விஷயத்தில் அந்தப் பட்டியல் மருத்துவமனையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் குறைத்துக் கேட்க அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

அத்தியாவசிய மருந்துகளுக்கும் இதய ஸ்டென்ட்டுக்கும் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. லட்ச ரூபாயைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலை 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாயாக இறங்கியது அப்படித்தான். வரம்பு அதன்பின் மொத்த விலைக் குறியீட்டை ஒட்டித் திருத்தப்பட்டு வருகிறது. ஸ்டென்ட்டின் விலை, பிராண்டு, பேட்ச் எண் மூன்றும் பில்லில் தனியே இருக்க வேண்டும். வரம்பை மீறி வாங்கினால் அந்த ஆணையத்தின் 1800 111 255 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம்.

ஆனால் பெரிய கொள்ளை வரம்புக்கு வெளியே, சட்டத்துக்குள்ளேயே நடக்கிறது. டெல்லி வட்டாரத்து நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை 2018-இல் அதே ஆணையம் ஆராய்ந்தது. சில பொருட்களில் 1,737 சதவீதம் வரை லாபம் வைத்திருந்தது தெரிந்தது. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்காமலே இது முடியும், ஏனென்றால் அந்த விலையையே உயர்த்தி அச்சிட வைக்கிறார்கள். அதே மருந்தை வெளிக்கடையில் வாங்கவும் பல இடங்களில் விடுவதில்லை. இதைத் தடுக்கக் கோரிய வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தானே ஆணையிடாமல், கொள்கை வகுக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டது. தமிழக அரசு அதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

தவறு தெரிந்தால் கவுன்ட்டர் ஊழியரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, அவருக்குக் குறைக்கும் அதிகாரம் கிடையாது. எந்த வரி, எவ்வளவு, ஏன் என்று ஒரு தாளில் எழுதி மருத்துவக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பாக்கிக்காக நோயாளியையோ உடலையோ பிடித்துவைக்க முடியாது. நோயாளியை அப்படி நிறுத்திவைப்பது சட்டவிரோதம் என்று டெல்லி, பம்பாய் உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. பாக்கியை வசூலிக்க மருத்துவமனைக்கு வழக்கு என்ற வழி இருக்கிறது. வேறு வழியின்றிக் கட்ட நேர்ந்தால், 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள்.

கட்டிய பிறகும் கதவு மூடிவிடுவதில்லை. காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை.