கறுப்பில் படரும் கறை

மும்பை, தில்லி, கல்கத்தா நகரங்களில் வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றில், பழைய வி.எச்.எஸ். காஸெட்டுகள் அலமாரியின் மேல்தட்டில் இன்னமும் உறங்குகின்றன. சென்னைத் தூர்தர்ஷன் வெள்ளிக்கிழமைதோறும் ஒளிபரப்பிய ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியை ஊரிலிருந்த மாமாவோ சித்தப்பாவோ பதிவு செய்து அனுப்பியவை சில. வீட்டுக் குழந்தை ஒன்று முகம் காட்டிய சிறுவர் நிகழ்ச்சி இருந்தால், உலகில் அதற்கு வேறு பிரதியே இல்லாதிருக்கவும் கூடும்.

இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பணியில் இளைஞர் பலர் முனைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016-ஆம் ஆண்டில் வி.சி.ஆர். உற்பத்தியை நிறுத்தியது முதல், பழுது பார்த்த பழைய இயந்திரங்களே கதி. ஆயினும் படத்தை ஏற்றிச் சுருக்கிய பின் பார்த்தால், பாடகியின் கருங்கூந்தலில் பச்சையும், இரவு வானில் ஊதாவும் கட்டங்கட்டமாக நெளிகின்றன. காஸெட் கெட்டுவிட்டது என்றெண்ணி அதை எறிந்துவிடுவோரும் உளர். நாடாவின்மேல் முழுப்பழியையும் சுமத்துதல் நியாயமன்று.

நிகழ்வது இதுதான். எண்ணுருவாகிய படத்தில் ஒளிக்கு ஓர் எண்ணும் நிறத்துக்கு இரண்டு எண்களும் உண்டு. ஒளியில் 16 கறுப்பு, 235 வெள்ளை. நிற எண்கள் இரண்டும் 128-இல் நின்றால் நிறமே இல்லை. இரண்டும் சற்று இறங்கினால் பச்சை, ஏறினால் ஊதா. வெளிச்சமான முகத்தில் ஓரிரு எண் பிசகினால் கண் அறியாது. கறுப்பிலோ அந்தப் பிசகே நிறமாகத் தெரியும். வி.எச்.எஸ். நாடா நிறத்தை மிகக் குறுகிய அலைவரிசையில் பதிப்பதால், இருண்ட இடங்களில் நிறப்புழுதி இயல்பாகவே மிதக்கிறது. அங்கே எண்களின் வேற்றுமை சிறிதென்று கருதிச் சுருக்கும் கருவி சிக்கனம் பிடிக்கிறது. மிதந்த புழுதியைத் திரட்டித் திட்டுத்திட்டாக அப்பிவிடுகிறது.

ஆதலின் சுருக்குவதற்கு முன்பே வைத்தியம் தொடங்க வேண்டும். முதற்கண், இழப்பில்லாத முறையில் ஏற்றுக. ஹஃப்ஒய்யுவி, எஃப்எஃப்வி1 ஆகியவை அதற்குரியவை. நம் நாட்டு முறையில் 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள். சுருக்காவிடில் மணிக்கு ஏறத்தாழ 75 ஜிபி ஆகும். இம்முறைகளில் அதில் ஏறக்குறைய பாதி போதும். அப்போதே கறுப்பு 16-இன் அருகில் அமைகிறதா எனவும் பார்த்துக்கொள்க. மிகக் கீழே போனால் கூந்தலின் இழைகள் மீளா. மேலே நின்றால் கறுப்பு சாம்பலாகிக் கறையும் வெளியே தெரியும். படம் இருட்டாயிருக்கிறதென்று வெளிச்சத்தைக் கூட்டுவது நம்மவரிடையே பெருவழக்கு. அது கறைக்கு விளக்குப் பிடிப்பதாகும்.

அடுத்து, நிறத்திலுள்ள புழுதியை மட்டும் வடிகட்டுக. ஒளியைத் தொட்டால் முகம் மெழுகுபோல் ஆகிவிடும். பின்னர் மிக இருண்ட பகுதிகளில் மட்டும் நிறத்தைக் குறைத்து எண்களை 128-ஐ நோக்கி ஈர்க்க வேண்டும். ஆழ்ந்த அரக்குப் பட்டுப்புடவை வரும் காட்சியில் இதை மிதமாகவே செய்க. படத்தின் அடிவிளிம்பில் துடிக்கும் கோடுகளைக் கறுப்புப் பட்டையால் மூடிவிட்டால் அங்கே வீணாகும் இடமும் மிஞ்சும்.

இவ்வளவும் ஆனபின் சுருக்கலாம். எக்ஸ்264 கருவியில் ‘ஏக்யூ-மோட்’ என்னுமிடத்தில் 3 என்று குறித்தால், அது இருண்ட பகுதிகளுக்குக் கூடுதலாகப் பங்களிக்கும். தரத்தைக் குறிக்கும் ‘சிஆர்எஃப்’ எண்ணை 18 அளவில் வைக்கலாம்; எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் பருமனும் ஏறும். 10-பிட் முறை கறுப்பின் படிநிலைகளை இன்னும் மென்மையாக்கும், ஆனால் எச்.264-இல் அம்முறையைப் பல வீட்டுத் தொலைக்காட்சிகள் ஏற்பதில்லை.

முழுக் காஸெட்டையும் சுருக்குமுன், இருண்ட காட்சியுள்ள ஒரு நிமிடப் பகுதியைச் சுருக்கி, இரவில் விளக்கணைத்து வீட்டுத் தொலைக்காட்சியிலேயே பாருங்கள். கறை தெரிந்தால், அத்தர எண்ணை 16-ஆக்கி மீண்டும் செய்க. சுருக்கிய கோப்பையே திரும்பச் சுருக்க வேண்டா. இழப்பின்றி ஏற்றிய மூலத்திலிருந்தே தொடங்குக.