ஆய்வேட்டின் முன்வரைவு: தலைப்பும் வினாவும்

முதுநிலை இறையியல் பட்டத்திற்கு ஆய்வேடு எழுதப் புகும் மாணவர், முதற்கண் அதன் முன்வரைவை ஆசிரியர் குழுவின்முன் வைத்தல் வேண்டும். இதனை வெறும் சடங்கெனக் கருதி, தலைப்பையும் நூற்பட்டியலையும் எழுதித் தருவோர் பலர். ஆனால் முன்வரைவின் உயிர் தலைப்பில் இல்லை; வினாவில் உள்ளது.

எடுத்துக்காட்டாக, 'தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு வரலாறு' என்பது தலைப்பேயன்றி வினா அன்று. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியது முதல் 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட செய்திகளை அது உள்ளடக்கும். அதை எடுத்துக்கொள்பவர் முன்னோர் கூறியதையே திரும்பக் கூற நேரும். ஆனால் அதனுள்ளேயே ஆய்வுக்குரிய ஒரு வேறுபாடு காணப்படுகிறது. பப்ரிஷியஸ் மொழிபெயர்ப்பில் 'பராபரன்' என நிற்கும் சொல், பவர் ஐயர் தலைமையிலான குழுவினரின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் 'தேவன்' என மாறிற்று. இம்மாற்றத்திற்கு அக்குழுவினர் கூறிய காரணங்கள் யாவை? இது வினா.

வினா கிடைத்தபின் மூன்றனை ஆராய்தல் வேண்டும். முதலாவது, சான்று. பிரிட்டிஷ் வேதாகமச் சங்கத்தின் பழைய ஆவணங்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. அவற்றைக் காணவோ படியெடுத்துப் பெறவோ இயலாதெனில், கையிலுள்ள பதிப்புகளை ஒப்பிட்டே விடை காணத்தக்கதாக வினாவை மாற்றியமைக்க வேண்டும்.

இரண்டாவது, முந்தைய ஆய்வுகள். நூல்களின் பெயர்களை அடுக்குவது போதாது. அவை எதை நிறுவின, எதை விட்டுவிட்டன என்பதைக் கூறவேண்டும்.

மூன்றாவது, கருதுகோள். தவறெனக் காட்டப்படக்கூடியதே நல்ல கருதுகோள். 'வடமொழிப் பற்றினால் சொல் மாறிற்று' என ஒருவர் கருதலாம். ஆனால் பராபரன், தேவன் ஆகிய இரண்டுமே வடமொழி வழி வந்தவை. ஆகவே அக்கருத்து முதற்படியிலேயே தளர்ந்துவிடுகிறது. இது இழப்பு அன்று. முன்வரைவில் தளர்ந்த கருத்தை ஒரு வாரத்தில் திருத்தலாம். எழுதி முடித்த ஆய்வேட்டில் தளர்ந்தால் ஆண்டுகளின் உழைப்பு வீணாகும். எனவே ஆசிரியர் குழு முன்வரைவைத் திருப்பியனுப்பும்போது மாணவர் மனம் சோரவேண்டியதில்லை.

விடையை முன்னரே முடிவுசெய்துவிட்டு அதற்குச் சான்று தேடுவது வழக்காடுதலாகும், ஆய்வாகாது. நம் விருப்பத்திற்கு மாறான விடை வரினும் ஏற்பேன் என்ற உறுதியோடு எழுதப்படும் முன்வரைவே ஆய்வின் தொடக்கம்.