வேலியே பயிரை மேயும்போது

"நல்ல தேகக்கட்டுள்ள மனிசன். நாள் முழுக்க வயலில் நின்றவர். ஒரு காய்ச்சலில் எப்படிப் போனார்?" கொவிட்-19 பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் இக்கேள்வி பல வீடுகளில் எழுந்தது. "நாங்கள்தான் சரியாகப் பார்க்கவில்லையோ" என்று தம்மையே நொந்துகொண்டவர்களும் உண்டு. இதற்கு ஆராய்ச்சியாளர் கண்ட விடையை நாம் அறிந்திருப்பது நன்று.

மூக்கின் வழியாக நுழையும் வைரசு தொண்டையிலும் சுவாசப்பையிலும் உள்ள கலங்களுக்குள் புகுந்து பெருகுகின்றது. தாக்கப்பட்ட கலம் 'இன்டர்பெரோன்' என்னும் பொருளை வெளிவிடும். 1957இல் இலண்டனில் ஐசாக்ஸ், லிண்டன்மன் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்தனர். யானையைக் கண்டதும் காவற்கொட்டிலில் இருப்பவர் இடும் கூக்குரல் போன்றது இது. அதைக் கேட்டு அயற்கலங்கள் தம்மைக் காத்துக்கொள்கின்றன. வெண்குருதிக் கலங்கள் வந்து சேர்கின்றன. சில நாட்களில் அந்த வைரசுக்கென்றே பிறபொருளெதிரிகள் உருவாகின்றன. பெரும்பாலானோருக்கு நோய் இத்துடன் அடங்கிவிடும்.

சிலருக்கோ அந்த முதற் குரலே அடைபட்டுப் போகின்றது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், உயிராபத்தான நிலையிலிருந்த 987 கொவிட் நோயாளருள் 101 பேரின் குருதியில், இன்டர்பெரோனையே செயலிழக்கச் செய்யும் பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. இவர்களில் 95 பேர் ஆண்கள். நோய் இலேசாக வந்த அல்லது அறிகுறியே காட்டாத 663 பேரில் ஒருவரிடமும் அவை இருக்கவில்லை. வயது முதிர்ந்தோரிடம் இவை கூடுதலாக இருப்பது 2021இல் தெரியவந்தது.

குரல் எழாவிட்டால் வைரசு தடையின்றிப் பெருகும். பிந்தி விழித்த உடல் அளவுக்கு மிஞ்சிப் போரிடும். வாய்க்கால் நீர் அளவோடு வந்தால் பயிர் தழைக்கும். வரம்பை உடைத்து வந்தால் அழுகும். அவ்வாறே கடும் அழற்சியினால் சுவாசப்பையின் சிறு காற்றறைகளில் நீர் கசிந்து நிரம்ப, ஒட்சிசன் குருதியிற் சேர முடியாமற் போகின்றது. கொவிட் நோயில் இந்நிலை பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி ஒரு வாரமளவில் வந்தது.

2020 யூன் மாதத்தில் பிரித்தானியாவிலிருந்து ஒரு நற்செய்தி வந்தது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் நடத்திய பரிசோதனையில், 'டெக்சாமெதசோன்' என்னும் பழைய, மலிவான ஸ்டீரொய்ட் மருந்து இந்த அழற்சியைத் தணித்து உயிர் காத்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரில், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 41 பேர் இறந்தனர். மருந்தும் பெற்றவர்களில் 29 பேரே இறந்தனர். ஆனால் ஒட்சிசன் தேவைப்படாத நோயாளருக்கு அதனால் பயன் கிடைக்கவில்லை. தீங்கு நேரலாம் என்ற ஐயமே எழுந்தது. காரணம் விளங்கும். முதல் நாட்களில் காவலாளி விழிப்பாக இருக்க வேண்டும். அப்போது அவர் வாயைக் கட்டினால் வைரசுக்கே வசதி.

ஆகவே ஒருவருக்குக் கொடுத்து மிஞ்சிய ஸ்டீரொய்ட் குளிசையை, தடிமன் காய்ச்சல் என்று வீட்டில் மற்றவருக்குக் கொடுக்க வேண்டாம். இன்புளுவென்சாவுக்கு அது நன்மை தரும் என்று நிறுவப்படவும் இல்லை. அதேவேளை, வேறு நோய்க்காக வைத்தியர் நெடுநாள் கொடுத்துவரும் ஸ்டீரொய்டைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து.

நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். காய்ச்சல் தொடங்கிச் சில நாட்களின் பின் மூச்சு வாங்குதல், நெஞ்சு நோ, உதடு நீலம் பாய்தல், தடுமாற்றமான பேச்சு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். முதியோர், நீரிழிவு உள்ளோர், கர்ப்பிணிகள் விடயத்தில் இன்னும் முந்துங்கள். ஒரே கொட்டிலில் பலர் படுக்க நேர்ந்தால் காற்றோட்டத்துக்கு வழி விடுங்கள். கிடைக்கும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். அது காவலாளிக்கு எதிரியை முன்கூட்டியே அடையாளம் காட்டுகின்றது.

உடற்பலம் வேறு, உடலின் காவல் வேறு. காவல் பிழைத்தது இறந்தவரின் குற்றமுமன்று, அருகில் இருந்து பார்த்தவரின் குற்றமுமன்று. ஆனால் மூச்சு முட்டும் நேரத்தை இனங்கண்டு விரைவது நம் கையில் உள்ளது.