கம்பைலர் வைத்த கொல்லைப்புறக் கதவு

ஜாவா எழுதுகிறவர்கள் ஸ்டாக் டிரேஸில் தாங்கள் எழுதவே எழுதாத ஒரு மெத்தடின் பெயரை எப்போதாவது பார்த்திருப்பார்கள்: ‘ஆக்சஸ் டாலர் 000’. கோடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அதை எழுதியது கம்பைலர்.

1997-இல் வந்த ஜாவா 1.1, ஒரு கிளாஸுக்குள் இன்னொரு கிளாஸ் எழுத இடம் கொடுத்தது. ஒரே வீட்டுக்காரர்கள், வெளி கிளாஸின் ‘பிரைவேட்’ சமாசாரத்தை உள் கிளாஸ் தாராளமாகத் தொடலாம் என்பது மொழியின் விதி. ஆனால் நிரலை ஓட்டும் ஜேவிஎம்முக்கு இந்த உறவுமுறை தெரியாது. கம்பைல் ஆனதும் இரண்டும் தனித்தனிக் கோப்புகள், தனித்தனிக் கதவு எண்கள். அடுத்த வீட்டு பிரைவேட்டில் கை வைத்தால் விரட்டிவிடும். ஆகவே கம்பைலர் வெளி கிளாஸில் ஓசைப்படாமல் ஒரு கொல்லைப்புறக் கதவு வைத்தது. அதுதான் அந்த மெத்தட்.

ஒன்றோடு நிற்பதில்லை. ஒரு பிரைவேட் மாறியை உள்ளிருந்து படித்தால் 000. புது மதிப்பு வைத்தால் 002. ‘++’ பின்னால் போட்டு ஒன்று கூட்டினால் 008. ஒரே மாறிக்கு மூன்று கதவுகள்! அதே பேக்கேஜில் உள்ள வேறு கிளாஸும், பைட்கோடு தந்திரம் தெரிந்தால், இவற்றின் வழியே நுழைந்துவிடலாம். பிரைவேட் என்று பூட்டியவருக்கு இது தெரிந்தால் சிரிப்பாரா அழுவாரா!

இதனால் வேகம் குறைகிறதா? சர்வரில் கவலையில்லை. அடிக்கடி ஓடும் இடத்தில் ஹாட்ஸ்பாட் என்ற ஜேவிஎம்மின் ஜேஐடி, அதாவது நிரல் ஓடும்போதே வேலை செய்யும் கம்பைலர், அந்தக் குட்டி மெத்தடைக் கரைத்து, அழைத்த இடத்திலேயே சேர்த்துவிடும். அடிபட்டது ஆண்ட்ராய்டுதான். 2010-இல் 2.2 வரும்வரை அங்கே ஜேஐடியே கிடையாது. ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம் போனது. அதைவிடப் பெரிய தலைவலி எண்ணிக்கை என்பேன். ஆண்ட்ராய்டு செயலியின் கோடு அடங்கும் ஒரு டெக்ஸ் கோப்பு 65,536 மெத்தடுகளைத்தான் சுட்ட முடியும். நாம் எழுதாத கதவுகளுக்கும் அதில் பங்கு உண்டு. உள் கிளாஸ் தொடும் உறுப்புகளில் பிரைவேட்டை எடுத்துவிட்டு பேக்கேஜ் அளவுக்குத் திறந்துவிடுங்கள் என்று ஆண்ட்ராய்டின் வழிகாட்டியே சொன்னது.

2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11 இதைத் தீர்த்தது. ‘நெஸ்ட்’, அதாவது கூடு, என்ற ஏற்பாட்டில் யார் யார் ஒரே வீடு என்பது கிளாஸ் கோப்பிலேயே பதிவாகிறது. ஜேவிஎம் அதைப் பார்த்து வழிவிடுகிறது. சந்தேகமிருந்தால் ஒரே கோடை ஜாவா 8-இலும் 11-இலும் கம்பைல் செய்து, ஜாவா-பி கருவியால் திறந்து பாருங்கள். இரண்டாவதில் அந்தக் கதவு இருக்காது.