இளம் ஆராய்வோரும் இணையப் பதிப்பும்

கண்டறிதல் ஒரு தொழில். கண்டறிந்ததனை அறிஞர் முன் வைத்தல் பிறிதொரு தொழில். முன்னதற்குக் கூர்த்த நோக்கும் பொறுமையும் வேண்டும். பின்னதற்கு வழி தெரிந்திருத்தல் வேண்டும். நம் மாணவருள் முன்னது வாய்க்கப்பெற்றோர் பலர் உளர். பின்னதனை அறியாமையால் அவர்தம் உழைப்புக் கொப்பிகளிலே கிடந்து, உயர்தரப் பரீட்சை முடிந்ததும் பழங்கடதாசியோடு சேர்ந்து போய்விடுகின்றது. அச்சுக்கூடமும் பணமும் இன்றியே அவ்வுழைப்பை உலகறியச் செய்தற்கு இணையம் இக்காலத்தில் வாயில் திறந்துள்ளது. அவ்வாயில் எத்தகையது என்பதனை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றேன்.

பட்டம் பெறாதார் ஆராய்ச்சி செய்தல் புதுமையன்று. சீனிவாச இராமானுசன் தம் முதற் கட்டுரையை இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் 1911 இல் வெளியிட்டபொழுது அவர்க்கு வயது 23; பட்டமும் இல்லை, நிலையான தொழிலும் இல்லை. அவர் எழுதிய முறை விளங்கவில்லை என்று பத்திராதிபர் கையெழுத்துப் பிரதியைப் பலமுறை திருப்பி அனுப்பினார் என்பர். கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு அவர் விடுத்த புகழ்பெற்ற கடிதம் அதன் பின்னர், 1913 சனவரியிலே எழுதப்பட்டது. கடிதத்தை யாவரும் போற்றுகின்றனர். அதற்கு முன் நிகழ்ந்த திருத்தலும் திருப்பி எழுதலும் பேசப்படுவதில்லை.

இன்னும் இளையோர் செய்ததும் உண்டு. இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள பிளக்கோட்டன் ஆரம்பப் பாடசாலையின் பிள்ளைகள் 25 பேர், எட்டு முதல் பத்து வயதினர், வண்டினம் பூவைத் தெரிந்தெடுக்குங்கால் நிறத்தையும் அது அமைந்த கோலத்தையும் ஒருசேரக் கற்றுக்கொள்ளுமா என்று சோதனை செய்தனர். அவர் எழுதிய கட்டுரை 2010 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உயிரியற் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. படங்கள் வண்ணப் பென்சிலால் வரையப்பட்டவை. மேற்கோள் நூற்பட்டியல் இல்லை. வினா அவருடையது, விடை முன்னர் அறியப்படாதது, செய்முறை ஒளிவின்றிச் சொல்லப்பட்டது. சஞ்சிகையார் நோக்கியது இதனையேயாம்.

இனி, 'வெளியிடுதல்' என்பது யாது? முகநூலில் ஒரு படத்தை இட்டு, நண்பர் நூற்றுவர் பாராட்டக் கண்டு மகிழ்தல் வெளியீடு ஆகாது. ஓராண்டு கழித்து அதனைத் தேடுவார்க்கு அது கிட்டாது. கிட்டினும் பின்னர் மாற்றப்பட்டதோ என்ற ஐயம் நீங்காது. எழுதியவர் யார், எந்நாளில் இட்டார் என்பன மாறாது நிற்றலும், என்றும் சென்றடையத்தக்க முகவரி இருத்தலும், பிறர் சோதித்துப் பார்த்தற்கு வேண்டிய சான்று உடனிருத்தலுமே ஒன்றை வெளியீடு ஆக்குவன.

சான்று உடனில்லாவிடின் நேர்வது யாதென்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரப் பள்ளி மாணவியர் இருவர், கல்சியா ஜோன்சன், நக்கியா ஜாக்சன் என்போர், பைதகரசின் தேற்றத்துக்குத் திரிகோணகணித வழியில் புதிய நிறுவலைக் கண்டு, 2023 மார்ச்சில் அறிஞர் கூட்டமொன்றில் எடுத்துரைத்தனர். பத்திரிகைகள் அதனை உலகெங்கும் பரப்பின. முழுக் கட்டுரையோ 2024 அக்டோபரிலேதான் அச்சேறியது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டும் நிறுவலைப் படியாதாரே அதனைப் புகழ்ந்தும் ஐயுற்றும் பேசினர். இதற்கு மாறாக, 17 வயதினரான ஹன்னா கைரோ 1980 களிலிருந்து நிலவிய கணித ஊகம் ஒன்று பிழையென்று காட்டிய கட்டுரையை, 2025 பெப்ரவரியில் 'ஆர்க்கைவ்' என்னும் திறந்த களஞ்சியத்தில் இட்டார். துறைபோனோர் உடனே அதனை எடுத்து வரிவரியாகச் சோதிக்க முடிந்தது.

நம் நாட்டு மாணவனுக்குப் பொருந்துமாறு ஒன்று கூறுவேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை; சுண்ணக்கல்லின் ஊடே தங்கும் நிலத்தடி நீரே நமக்கு ஆதாரம். மாணவன் ஒருவன் தன் அயலிலுள்ள பத்துக் கிணறுகளை ஓராண்டு வாரந்தோறும் அளக்கின்றான் என்க. கருவி, முனையில் பாரம் கட்டிய கயிறும் அளவுநாடாவுமே. இது சிறுவர் விளையாட்டன்று. மாரிக்கு முன்னும் பின்னும் தொடர்ச்சியாக எடுத்த அளவுகள் நீரியல் வல்லுநர்க்கும் பயன்படுவன. ஆயின் அவன் பாடுபட்டதை எவ்வாறு எழுதுகின்றான் என்பதிலேயே எல்லாம் தங்கியுள்ளது. கிணற்றுக்கட்டின் விளிம்பிலிருந்து அளந்தானா, நிலமட்டத்திலிருந்து அளந்தானா? காலையிலா, நீர் இறைத்த பின்னரா? காய்ச்சலால் இரு வாரம் அளக்கவில்லையெனின் அவ்விடத்தை வெறுமையாக விடல் வேண்டும். முன்னும் பின்னும் உள்ள எண்களை நோக்கி இடையெண்ணை இட்டு நிரப்பல் பொய்யாகும். கிணற்றுக்கு உரியோரின் இசைவு பெறுதலும், அவர்தம் பெயரையும் வீட்டிலக்கத்தையும் மறைத்தலும் கடன்.

இங்ஙனம் ஆக்கிய அட்டவணையையும், செய்முறை விளக்கத்தையும், நான்கைந்து பக்கக் கட்டுரையையும் 'செனோடோ' என்னும் களஞ்சியத்தில் இடலாம். ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையமாகிய சேர்ண் 2013 இல் தொடங்கியது அது, கட்டணம் இல்லை, எத்துறையாயினும் ஏற்கும். இட்டவுடன் எண்ணிமப் பொருள் அடையாளம் என்னும் நிலையான இலக்கம் ஒன்று கிடைக்கும். பின்வருவோர் அவ்விலக்கத்தைச் சுட்டியே மேற்கோள் காட்டுவர். பிழை கண்டு திருத்தினால் அது புதிய பதிப்பாகச் சேருமேயன்றிப் பழையது அழிவதில்லை. ஆதலால் இடுமுன் நன்கு ஆராய்ந்து இடுக. பிறர் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதனையும் அப்பொழுதே குறித்தல் வேண்டும். ஆக்கியோன் பெயரைச் சொல்லி எவரும் எடுத்தாளலாம் என்னும் திறந்த உரிமம் இத்தகைய அளவுகளுக்கு ஏற்றது. ஒன்றை மறத்தலாகாது: அவ்விலக்கம் கட்டுரை உண்மையென்பதற்குச் சான்றன்று. அங்கே எவரும் கட்டுரையைச் சோதித்து ஏற்பதில்லை. அது நாளையும் முகவரியையும் காக்கும், அவ்வளவே.

பெயர் பற்றியும் ஒரு சொல். நாம் தந்தையார் பெயரின் முதலெழுத்தை முன்னிட்டு எழுதுகின்றோம். ஒரே பெயருடையார் ஊருக்குப் பதின்மர். ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டலும் ஆளுக்கொரு விதம். இக்குழப்பத்தைத் தீர்த்தற்கு 'ஓர்க்கிட்' என்னும் 16 இலக்க அடையாள எண் 2012 முதல் இலவசமாக வழங்கப்படுகின்றது. முதற் கட்டுரையோடு அதனைப் பெற்றுக்கொள்வது நன்று.

துறைக்கு ஏற்ப வேறு இடங்களும் உள. கணிதம், பௌதிகம் பயில்வோர்க்கு மேற்கூறிய ஆர்க்கைவ், 1991 இல் தோன்றியது. முதன்முறை இடுவோர்க்கு அத்துறையில் முன்னரே எழுதியவர் ஒருவரின் ஒப்புதல் வேண்டப்படும். எண் தொடர்களிலே புதியது கண்டால் நீல் சுலோன் தொகுத்துத் தொடங்கிய எண்தொடர்க் கலைக்களஞ்சியம் எவரிடமிருந்தும் ஏற்கும். பதிப்பாசிரியர் சோதித்தே சேர்ப்பர். பறவை, செடி, பூச்சிகளைப் படம்பிடிப்போர்க்கு 'ஐநச்சுரலிஸ்ட்' உண்டு. நாளும் இடமும் கூடிய படத்துக்குப் பலர் இனங்காட்டி உடன்பட்டபின் அப்பதிவு உலகப் பல்லுயிர்த் தரவகத்துக்குச் செல்லும். அருகிவரும் உயிர்களின் சரியான இடத்தை அது தானே மறைத்துவிடும். வேட்டையாடுவார் கண்ணிற் படாதிருத்தற்கு இது நல்ல ஏற்பாடு.

நான் தமிழ் கற்பிப்பவன். ஆதலின் என் மனம் செல்லுமிடம் வேறு. கரைவலை இழுப்போரின் தொழிற்சொற்கள், குறிச்சிப் பெயர்கள், பாட்டிமார் வாயிலிருக்கும் தாலாட்டும் ஒப்பாரியும், கோயிற் கேணிக் கல்வெட்டு, இவையெல்லாம் ஆராய்ச்சிப் பொருள்களே. பல்கலைக்கழகத்தார் வந்து சேருமுன் சொன்னவர் மறைந்துவிடுகின்றார். கைப்பேசி வைத்திருக்கும் பேரனே அவற்றைப் பதிவுசெய்யத் தக்கவன். 1981 யூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதன அன்றோடு போயின. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் எவரும் படிக்குமாறு இணையத்தில் இட்டுவருகின்றது. சொற்றொகுதி செய்யும் மாணவன் முதலில் அங்கே தேடி, தனக்கு முன் செய்தார் உளரோ என்று பார்த்தல் முறை. பின் தன் ஒலிப்பதிவையும், சொன்னவரின் ஊர், வயது, தொழில், அவர் தந்த இசைவு ஆகியவற்றையும் சேர்த்துக் களஞ்சியத்தில் இடுக. கட்டுரையைத் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலத்தில் அரைப்பக்கச் சுருக்கம் சேர்த்தால் பிறநாட்டார் தேடும்போது அகப்படும்.

இணையத்தில் வஞ்சகரும் உளர். கட்டுரை ஒன்றை இட்ட சில நாளில், 'மதிப்பிற்குரிய கலாநிதி அவர்களே' என்று பதினாறு வயதுப் பிள்ளையை விளித்து, ஒரு வாரத்தில் அச்சிடுவோம், இத்தனை டொலர் அனுப்புக என்று கடிதம் வரும். சோதிப்பதாகச் சொல்லிச் சோதியாதே பணம் பெறும் சஞ்சிகைகள் இவை. 2013 இல் ஜோன் பொகனன் என்னும் எழுத்தாளர் வேண்டுமென்றே பிழை மலிந்த பொய்க்கட்டுரை ஒன்றைத் திறந்த சஞ்சிகைகள் 304 க்கு அனுப்பினார், 157 ஏற்றுக்கொண்டன! திறந்த சஞ்சிகைகளின் விவரக்கொத்து ஒன்று 2003 முதல் இணையத்தில் உண்டு. அதிற் பெயரில்லாத சஞ்சிகைக்கு ஒரு சதமும் அனுப்பற்க. கட்டுரை எழுதித் தரும் இயந்திரங்களும் இப்பொழுது மலிந்துள்ளன. அவை இல்லாத நூலை உள்ளதுபோற் காட்டும் இயல்பின. உதவி பெற்றால் பெற்றதென்று எழுதுக. சுட்டும் நூலைத் தானே திறந்து பார்த்துச் சுட்டுக.

உண்மையாகவே சோதித்து ஏற்கும் சஞ்சிகைகள் இளையோர்க்கும் உள. ஹாவாட் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் 2011 இல் தொடங்கிய சஞ்சிகை ஒன்று இடைநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவரின் விஞ்ஞானக் கட்டுரைகளையே வெளியிடுகின்றது. விஞ்ஞானிகள் படித்துக் குறை கூறி, திருத்துவித்து வெளியிடுவர். அங்கே சில மாதம் காத்திருத்தல் வேண்டும்.

அதற்கு முன் ஒருவர் படித்துத் திருத்தினால் மாணவன் பாதி வழி கடந்தவனாவான். இம்மலரைக் கையில் ஏந்தும் பழைய மாணவருள் பேராசிரியரும், வைத்தியரும், பொறியியலாளரும் கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ, சிட்னி என எங்கும் உளர். கட்டடத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அவர் வாரி வழங்கியதை யாம் அறிவோம். ஆண்டுக்கு ஒரு மாணவனின் கட்டுரையைப் படித்து, 'இது விளங்கவில்லை, இவ்வெண் எங்கிருந்து வந்தது' என்று எழுதி அனுப்புதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். கட்டுரைகளைச் சேர்த்து அனுப்பும் பொறுப்பைத் தமிழ்ச் சங்கமும் விஞ்ஞான மன்றமும் ஏற்கலாம். படிக்க இசைவோர் தம் துறையைக் குறித்துச் சங்கச் செயலாளருக்கு எழுதுவாராக.