சில்லுக்கு வேலை சொல்லிக் கொடுப்போம்



பினாங்கில் 1972ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் தன் ஆலையைத் திறந்தது. அதன்பின் கூலிம், பாக்கார் ஆராங் என்று நம் வட்டாரமெங்கும் மின்னணுத் தொழில் பரவியது. நம் பிள்ளைகள் பலருடைய பெற்றோர் அத்தகைய ஆலைகளில் வேலை செய்கின்றனர். நாள்தோறும் சில்லைக் கையால் தொடும் குடும்பத்திலே, அந்தச் சில்லுக்கு வேலை சொல்லவும் ஒருவர் கற்றுக்கொண்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

மைக்ரோகண்ட்ரோலர் என்பது ஒரே சில்லுக்குள் அடங்கிய சிறு கணினி. கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியே செய்தி வாங்கவும் கொடுக்கவும் கால்கள் ஆகிய மூன்றும் அதனுள் உண்டு. இதை எளிதாகக் கற்பதற்கென்றே 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஆர்டுயினோ பலகை உருவாயிற்று. அதன் ஊனோ ஆர்3 வகையில் நிரல் எழுத 32 கிலோபைட் இடமே உண்டு. நம் வேலைக்கு அது தாராளம்.

முதல் வேலை எது? வீட்டிலுள்ள ஒரு தேவையே சிறந்தது. குழாயைத் திறந்து வைத்துவிட்டு உறங்கிவிட்டால் தொட்டி நிரம்பி வழிகிறதல்லவா? நிரம்பியதும் நம்மை எழுப்பும் மணியைச் செய்வோம். இதை மூன்று படிகளாகப் பிரிப்போம்.

முதற்படி, ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கை எரிய வைப்பது. பலகையின் கால் 5 வோல்ட் தருகிறது. விளக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 220 ஓம் மின்தடை தாங்கினால், ஓடும் மின்னோட்டம் சுமார் 14 மில்லிஆம்பியர். மின்தடையை விட்டுவிட்டால் விளக்கும் கெடலாம், பலகையின் காலும் கெடலாம்.

இரண்டாம் படி, மிதவைச் சுவிட்சு. அதன் ஒரு கம்பியைப் பலகையின் காலிலும், மற்றதைத் தரை இணைப்பிலும் பொருத்துவோம். சுவிட்சு திறந்திருக்கும்போது அந்தக் கால் எதனோடும் சேராமல் நிற்கும். அதன் அளவு மனம்போனபடி மாறும். ஆகவே, சில்லுக்குள்ளேயே இருக்கும் மேலிழுப்பு மின்தடையை நிரலில் இயக்க வேண்டும். அப்போது, திறந்திருந்தால் 1, தண்ணீர் உயர்ந்து சுவிட்சு மூடினால் 0 என்று தெளிவாகக் கிடைக்கும்.

மூன்றாம் படி, இரண்டையும் சேர்ப்பது. 0 வந்தால் விளக்கு எரியட்டும். சிறு பீசோ ஒலிப்பானும் கூவட்டும். ஆனால், தண்ணீர் அலையும்போது மிதவையும் ஆடும். ஒலி விட்டு விட்டுக் கேட்கும். அதற்கு, 0 வந்தபின் இரண்டு வினாடி பொறுத்து மீண்டும் பார்க்கும்படி நிரலில் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு படியும் சரியான பின்னரே அடுத்ததற்குச் செல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இணைத்தால், பிழை கம்பியிலா நிரலிலா என்று தெரியாமல் மனம் சலித்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தையோ தண்ணீர்ப் பம்பையோ இதனுடன் இணைக்காதீர்கள். 5 வோல்ட் மின்கலப் பெட்டியே போதும். பலகையைத் தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள்.

மணி ஒலித்துவிட்டதா? இனி, தண்ணீர் இறங்கிச் சுவிட்சு திறந்தால் ஒலிக்கும்படி நிரலை நீங்களே மாற்றிப் பாருங்கள். பிறர் எழுதியதைப் பார்த்துச் செய்தது போய், நாமே மாற்றத் தெரிந்த அன்றுதான் நாம் கற்றோம் என்று பொருள்.