வேடம் யாருக்குப் போகிறது?

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில் நகரில், பசிபிக் நார்த்வெஸ்ட் பாலே என்றொரு நடனக் குழு இருக்கிறது. 2015 ஜூன் மாதம் அதன் முன்னணி பாலரினா கார்லா கோர்பெஸ் விடைபெற்றார். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் பிறந்தவர். நியூயார்க் சிட்டி பாலேயில் ஆடிவிட்டு 2005-இல் சியாட்டிலுக்கு வந்தவர். மறு வருடமே பிரின்சிபல் என்ற முதல் வரிசைக்கு உயர்ந்தவர். விடைபெறும்போது அவருக்கு வயது 33. அதே வருடம் அதே குழுவுக்கு இன்னொரு பாலரினா திரும்பி வந்தார். நோயெலானி பான்டாஸ்டிகோ 2008-இல் சியாட்டிலை விட்டு மொனாக்கோவின் மான்டே கார்லோ பாலேக்குப் போனவர். முப்பதுகளின் நடுவில் பழைய இடத்துக்கே பிரின்சிபலாக வந்து சேர்ந்து, 2022 வரை ஆடினார். ஒருவர் 33 வயதில் போகிறார். அவரைவிட மூத்தவர் உள்ளே வருகிறார். பாலரினாவின் ஓய்வை வயதுக் கணக்கில் மட்டும் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டு செய்தியும் ஒன்றோடொன்று ஒட்டாது. பத்திரிகைகளும் அப்படித்தான் பிரித்துப் போடுகின்றன. ஓய்வுக்குக் கண்ணீரும் பூங்கொத்துமாக ஒரு பக்கம் ஒதுக்குகிறார்கள். அடுத்த நிகழ்ச்சியில் யாருக்கு எந்த வேடம் என்பது ஒரு ஓரத்தில் துணுக்காகப் போகிறது. என் கணிப்பில் இவை ஒரே செய்தியின் இரண்டு பாதிகள். ஒரு பாலரினா எப்போது ஓய்வு பெறுகிறார் என்பதை முழங்கால் எவ்வளவு தீர்மானிக்கிறதோ, அதே அளவுக்கு வேடப் பட்டியலும் தீர்மானிக்கிறது. ஒரு குழு தன் மூத்த கலைஞரை எப்படி வழியனுப்புகிறது என்பதைக் கடைசி நாள் கைதட்டலை வைத்து எடைபோட முடியாது. அதற்கு முன்னும் பின்னும் வந்த வேடப் பட்டியல்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பட்டியல் பார்க்க மிகச் சாதாரணமாக இருக்கும். இடப்பக்கம் வேடங்களின் பெயர்கள். மேலே தேதிகள், மாலைக் காட்சியா மேட்டினியா என்ற குறிப்பு. கட்டங்களுக்குள் ஆடுபவர்களின் பெயர்கள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரக் குறி இருக்கும். அந்த வேடத்தை அவர் முதல் முறையாக ஆடுகிறார் என்று அதற்குப் பொருள். அடியில், மாறுதலுக்கு உட்பட்டது என்ற தவறாத எச்சரிக்கை. சியாட்டில் குழு ஒரு நிகழ்ச்சியை வழக்கமாக இரண்டு வார இறுதிகளுக்கு நடத்தும். ‘அன்ன ஏரி’ போன்ற பெரிய நாடகத்துக்கு எட்டுக் காட்சிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒடெட் என்ற வெள்ளை அன்னமாகவும் ஒடில் என்ற கறுப்பு அன்னமாகவும் ஒரே பெண் ஆட வேண்டிய அந்த வேடத்துக்கு நான்கு பேர் தயாராக இருந்தால், ஆளுக்கு இரண்டு மாலைகள்தான் கிடைக்கும். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தது அந்த இரண்டு மாலைகளுக்காக. அந்த நாடகம் மறுபடி மேடையேற மூன்று நான்கு வருடம்கூட ஆகலாம். நியூயார்க், லண்டன், பாரிஸ் குழுக்கள் ஒரே நாடகத்தைப் பலமுறை ஆடும். வெளியூர்ப் பயணமும் போகும். மாகாணக் குழுவுக்கு அந்த வசதி குறைவு. ஒரு தடவை வேடம் தவறிப்போனால் ஒரு கலைஞரின் ஆட்ட வாழ்வில் அது திரும்ப வராமலேயே போய்விடலாம்.

வேடத்தை யார் கொடுக்கிறார் என்பதும் வெளியில் தெரிவதைவிடச் சிக்கலான விஷயம். குழுவின் கலை இயக்குநரே கடைசி வார்த்தை சொல்கிறார் என்று பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். சியாட்டிலில் 2005 முதல் அந்தப் பொறுப்பில் இருப்பவர் பீட்டர் போல்; நியூயார்க் சிட்டி பாலேயில் பிரின்சிபலாக ஆடியவர். ஆனால் மறைந்த நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷீனின் படைப்பை ஆட வேண்டுமென்றால் பாலன்ஷீன் டிரஸ்ட் அனுப்பும் பயிற்றுநர் வந்து ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பார். யாருக்கு எது பொருந்தும் என்பதில் அவர் சொல்லுக்கும் எடை உண்டு. உயிரோடு இருக்கும் நடன அமைப்பாளர் புதிதாக ஒன்றை உருவாக்கினால், தனக்கு வேண்டியவர்களைப் பெரும்பாலும் அவரே பார்த்துப் பொறுக்கிக்கொள்வார். ஆகவே ஒரு மூத்த பாலரினாவுக்கு வேடம் குறைவதென்பது ஒரு நாள் ஒருவர் அறைக்குள் கூப்பிட்டுச் சொல்வதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஒரு பயிற்றுநர் வேறொருவரைத் தேர்ந்தெடுப்பார். அடுத்த நிகழ்ச்சியில் முதல் நாள் மாலை போய் ஞாயிறு மேட்டினி வரும். ஒரு வேடம் முற்றிலும் நின்றுபோகும். ஓய்வு என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நியூயார்க் சிட்டி பாலேயின் வெண்டி வீலன் கதை இதற்கு நல்ல சாட்சி. 1980-களின் நடுவில் குழுவில் சேர்ந்து சுமார் முப்பது வருடம் ஆடியவர். 2011 வாக்கில், ‘நட்கிராக்கர்’ நாடகத்தில் வருடாவருடம் அவர் ஆடிவந்த வேடம் இனி அவருக்கு இல்லை என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அது தன்னை எப்படி உலுக்கியது என்று வீலனே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 2016-இல் வந்த ‘ரெஸ்ட்லெஸ் கிரீச்சர்’ ஆவணப்படத்திலும் அது பதிவாகியிருக்கிறது. இடுப்பில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது 2013-இல். விடைபெற்றது 2014 அக்டோபரில், 47-வது வயதில். வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் வேடம் போனது, பிறகு இடுப்பு, கடைசியில் மேடை.

உடம்பை மறந்துவிட்டுப் பேசுகிறாய் என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விரல் நுனியில் நின்று ஆடும் கலை இது. காலணியின் முனையில் பசையும் துணியும் அட்டையும் சேர்த்து இறுக்கிய ஒரு சிறு பெட்டியின்மேல்தான் முழு உடம்பும் நிற்கிறது. கடினமான வேடம் என்றால் ஒரே மாலையில் ஒரு ஜோடிக் காலணி தளர்ந்து உதவாமல் போய்விடும். ‘அன்ன ஏரி’யின் மூன்றாம் அங்கத்தில் கறுப்பு அன்னம் ஒற்றைக் காலில் 32 முறை சுழல வேண்டும் என்ற வழக்கம் 1895-இல் பியெரினா லெஞானி ஆடியதிலிருந்து ஒட்டிக்கொண்டது, எண்ணிக்கொண்டே பார்க்கிற ரசிகர்களும் இருக்கிறார்கள். பாரிஸ் ஓபரா பாலேயில் ஓய்வு வயது 42 என்று விதியே இருக்கிறது. அந்த ஓய்வூதிய ஏற்பாட்டின் வேர் பதினான்காம் லூயி காலத்து 1698-இல் இருக்கிறது. அதில் அரசு கைவைக்கப் பார்த்தபோது, 2019 டிசம்பர் 24 அன்று நடனப் பெண்கள் பனிக்கால வெளியில், பலே கார்னியே அரங்கின் முகப்பில் ‘அன்ன ஏரி’ ஆடிக் காட்டினார்கள். உடம்புக்கு ஒரு வரம்பு உண்டு என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனாலும் அந்த வரம்பு ஒரே நாளில் எல்லா வேடத்துக்கும் சேர்த்து வருவதில்லை. 32 சுழற்சி முதலில் கைவிடும். உயரத் தாவுதல் அடுத்தது. இசையை உள்வாங்கி மெதுவாக ஆடும் ஆட்டம் கடைசி வரை நிற்கும். மார்கோ ஃபான்டெய்ன் 1962-இல் ருடால்ஃப் நூரியேவோடு முதன்முதலாக ‘ஜிசெல்’ ஆடும்போது அவருக்கு 42 வயது, நூரியேவுக்கு 23. ஓய்வை நெருங்கிவிட்டார் என்று பலரும் நினைத்திருந்த நேரம் அது. ஜோடி மாறியதும் இன்னொரு சுற்றே ஆடினார். எந்த வேடம், யாரோடு, எத்தனை நாள் இடைவெளியில் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு உடம்பு ஆட முடியுமா முடியாதா என்பது முடிவாகிறது. அதாவது, உடம்பைப் பற்றிய கேள்வியும் சுற்றிச் சுற்றிப் பட்டியலுக்கே வந்து நிற்கிறது.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு வழக்கு இருக்கிறது. எனக்கு அதுதான் பலமானதாகப் படுகிறது. மூத்தவர் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தால் இளையவர் எப்போது ஆடுவது? 2015 வசந்த சீசனில் அமெரிக்கன் பாலே தியேட்டரிலிருந்து பலோமா ஹெரேரா, சியோமாரா ரேயஸ், ஜூலி கென்ட் என்று மூன்று பிரின்சிபல்கள் அடுத்தடுத்து விடைபெற்றார்கள். ஜூன் 30 அன்று மிஸ்டி கோப்லண்டும் ஸ்டெல்லா அப்ரேராவும் பிரின்சிபல்களாக உயர்த்தப்பட்டார்கள். அந்தப் படிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் என்பதால் உலகமே கோப்லண்டைப் பற்றிப் பேசியது. அது பேச வேண்டியதும்கூட. அப்ரேராவின் காத்திருப்பை அவ்வளவு பேர் கவனிக்கவில்லை. 2001-இலேயே சோலோயிஸ்ட் ஆனவர் அவர். அடுத்த படி ஏறப் பதினான்கு வருடம் ஆயிற்று. 2008-இல் ஜிசெல் வேடம் கைக்கு எட்டிய சமயத்தில் நரம்புக் காயம் குறுக்கே வந்தது. கடைசியில் 2015 மே மாதம் நியூயார்க் மேடையில் அவர் ஜிசெல் ஆடியதும், ஆட வேண்டிய வேறொருவர் காயப்பட்டதால்தான். ஒரு மாதத்தில் பதவி உயர்வு வந்தது. இத்தனை வருடமாக அவரிடம் இல்லாத திறமை அந்த ஒரு மாதத்தில் முளைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்புவதற்கில்லை. இடம் காலியானது, பட்டியல் மாறியது, திறமை கண்ணில் பட்டது. பெரிய குழுவிலேயே நிலைமை இதுவென்றால், ஐம்பது பேர் அளவிலான மாகாணக் குழுவில் ஒவ்வொரு பிரின்சிபலின் தேதிக்கும் பின்னால் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் மூத்தவர்கள் சீக்கிரம் வழிவிடுவதுதான் நல்லது என்று முடித்துவிடலாமா? நான் ஒப்பமாட்டேன். பாலேயை எழுதிவைக்கும் குறிமுறைகள் இருக்கின்றன, வீடியோ இருக்கிறது. இருந்தும் ஒரு வேடத்தின் உள்விஷயம் ஒத்திகை அறையில் ஆடியவர் ஆடப்போகிறவருக்குச் சொல்வதால்தான் கைமாறுகிறது. மூச்சை எங்கே விடுவது, எந்தத் திருப்பத்தில் இசைக்கு அரை நொடி பின்தங்கலாம், ஜோடிக்காரரின் தோளை எப்போது நம்பலாம் என்பதெல்லாம் வீடியோவில் தெரியாது. கவோரி நகமுரா 2014-இல் சியாட்டில் மேடையை விட்டு அதே குழுவின் பள்ளியில் ஆசிரியரானார். அவருடைய வேடங்கள் பிறருக்குப் போயின. அவர் அறிந்தது கட்டடத்தை விட்டுப் போகவில்லை. பான்டாஸ்டிகோவைப் பாருங்கள். ழான் கிறிஸ்தோஃப் மயோவின் ‘ரோமியோ ஜூலியட்’ சியாட்டிலில் 2008-இல் முதன்முதலாக ஏறியபோது ஜூலியட்டாக ஆடியவர், மயோவின் மான்டே கார்லோ குழுவிலேயே ஏழு வருடம் இருந்துவிட்டு வந்து, 2022 பிப்ரவரியில் அதே ஜூலியட்டோடு விடைபெற்றார். நாற்பதைத் தாண்டிய ஒருவர் பதின்வயதுப் பெண்ணாக ஆடுவது பொருந்துமா என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. அந்த வேடத்தை அமைத்தவரிடமே வருடக்கணக்கில் பயின்ற ஒருவர், தன்னோடு மாறிமாறி ஜூலியட் ஆடும் இளையவர்களோடு ஒரே அறையில் ஒத்திகை பார்க்கிறார் என்றால், குழுவுக்கு அதைவிட மலிவான பயிற்சி வேறெங்கே கிடைக்கும்? மயோவின் நாடகத்தில் ஜூலியட்டின் தாய் லேடி கேபுலெட்டும் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பாத்திரமில்லை, நன்றாக ஆட வேண்டிய வேடம். இப்படிப்பட்ட வேடங்கள் ஒரு குழுவின் கையிருப்பில் எவ்வளவு இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு மூத்தவர்களும் இளையவர்களும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் இருக்க முடியும்.

இதெல்லாம் குழுவின் உள்விவகாரம், பார்வையாளருக்கு என்ன என்றும் கேட்பார்கள். சீசன் டிக்கெட் வாங்குகிறவர் பல மாதங்களுக்கு முன்பே பணம் கட்டிவிடுகிறார். வேடப் பட்டியலோ நிகழ்ச்சி நெருங்கிய பிறகுதான் வெளியாகிறது. டிசம்பரில் குழந்தைகளோடு ‘நட்கிராக்கர்’ பார்க்க வருகிற குடும்பங்களில் அன்று யார் ஆடுகிறார் என்று பார்த்து வருபவர்கள் குறைவுதான். பெயருக்காக டிக்கெட் விற்பதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. நட்சத்திரப் பெயரை நம்பிப் பிழைக்க வேண்டியதில்லாத குழுவுக்குத்தான் புதியவரைத் துணிந்து மேடையேற்றும் சுதந்திரம் இருக்கிறது. நட்கிராக்கரின் நீண்ட காட்சி வரிசையில் ஒரு வார நாள் மேட்டினியில் இருபது வயதுக்காரி ஒருத்தி சுகர் பிளம் தேவதையாக ஆடினால் அரங்கில் யாரும் எழுந்து போகப்போவதில்லை. அவளுக்கோ அது பத்து ஒத்திகைகளுக்குச் சமம். முன்னணி பாலரினா விலகுகிற வருடத்துக்கு இரண்டு வருடம் முன்பிருந்தே பட்டியலில் நட்சத்திரக் குறிகள் பெருகியிருந்தால் அந்தக் குழு யோசித்து நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். விலகிய மறு சீசனில் வெளியிலிருந்து விருந்தாளிகளை வரவழைத்துக் கட்டங்களை நிரப்பினால், வழியனுப்பு விழாவில் எத்தனை கூடை பூ கொட்டியிருந்தாலும் உள்ளே ஏதோ சரியில்லை.

பணத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க மாகாணக் குழுக்களில் ஆடுபவர்களுக்குப் பாரிஸ் மாதிரி 42 வயது ஓய்வூதியம் கிடையாது. வருடத்தின் எல்லா வாரங்களுக்கும் சம்பளமும் வராது. பதின்வயதில் பள்ளிப்படிப்பை ஒட்டுப்போட்டு முடித்துவிட்டு மேடைக்கு வந்தவர்கள், மற்றவர்கள் தொழிலில் வேர்விடும் வயதில் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. சியாட்டில் குழுவில் 1999-இலிருந்து ‘செகண்ட் ஸ்டேஜ்’ என்றொரு ஏற்பாடு நடக்கிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே கல்லூரிப் பாடங்கள் படிக்கவும், அடுத்த தொழிலுக்குப் பழகவும் உதவுவது அதன் வேலை. இது தர்ம காரியம் போலத் தோன்றலாம். எனக்கு இது வேடப் பட்டியலோடு நேரடியாகத் தொடர்புள்ளதாகவே படுகிறது. போக்கிடம் இருக்கிற கலைஞர் தானே நாள் குறிப்பார். எந்த வேடத்தோடு முடிப்பது என்றும் சொல்வார். போக்கிடம் இல்லாதவர் ஒவ்வொரு பட்டியலையும் பயந்துகொண்டே திறந்து பார்ப்பார். வலியை மறைத்து ஆடுவார். இயக்குநரும் தர்மசங்கடத்தில் வேடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவார்.

கோர்பெஸ் விஷயத்தில் அறிவிப்பு சீசன் முடிவதற்குப் பல மாதங்கள் முன்பே வந்துவிட்டது. ரசிகர்கள் அவரைப் பார்க்க வேண்டிய மாலைகளைத் தேர்ந்துகொள்ள முடிந்தது, குழுவும் அடுத்தவர்களைத் தயார்செய்ய நேரம் பெற்றது. எல்லாக் குழுக்களும் இவ்வளவு அவகாசம் தருவதில்லை. நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்பு மட்டும் பட்டியலை வெளியிடும் பழக்கத்துக்குக் காயங்களையே காரணமாகச் சொல்கிறார்கள். அது ஓரளவு சரி. ஆனால் ஒருவர் கடைசி முறையாக ஆடும் வேடத்தையும், இன்னொருவர் முதல் முறையாக ஆடும் வேடத்தையும் மட்டுமாவது மாறுதலுக்கு உட்பட்டது என்ற அதே எச்சரிக்கையோடு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுவதில் என்ன நஷ்டம்? காயம் வந்தால் பெயரை மாற்றி ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்து நிகழ்ச்சிப் புத்தகத்தில் செருகுவது எப்படியும் வாராவாரம் நடக்கிற வேலைதான்.